சிவப்பு ஸ்டிக்கர்

தொண்டைக்குழியில் கத்தி நிற்கும்போதுதான்
டில்லிபாபு கேட்கிறான்:
"ஜப்பான் எப்டிக்கீது, சொல்லு."
கண்ணாடியில் பாதி முகம் எனக்கு,
பாதி முகம் நுரைக்கு.

ஞாயிற்றுக்கிழமை, எழில் நகர்.
பெஞ்சில் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.
குப்பைமேடு மூன்றாம் நாளாகப் புகைகிறது.
சலூன் ஃபேன் அதை எல்லோருக்கும்
பாரபட்சமில்லாமல் பங்கு வைக்கிறது.

கத்தியை எடுத்துவிட்டான். சொல்கிறேன்.
ரயிலைப் பற்றிக் கேட்காதீர்கள்.
ஆறு வருஷத்தில் இரண்டு முறை ஏறினேன்,
இரண்டு முறையும் தூங்கிவிட்டேன்.

அரிசியைப் பற்றிக் கேளுங்கள்.
விலை ஒரே வருஷத்தில் இரட்டிப்பானது.
எங்கள் கியர்பாக்ஸ் கம்பெனி ஃபோர்மேன்
ஐந்து கிலோ பையைத் தூக்கி, விலையைப் பார்த்து,
தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல
திரும்ப வைத்தார்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
மறுநாள் வேலையில்
மழை வருமா என்று பேசிக்கொண்டோம்.

"நம்ம ரேசன் அரிசிய அனுப்பலாமே" என்றான் பாண்டுரங்கன்.
"அத்த துன்னா நம்ம மேல சண்டைக்கு வந்துருவான்யா."

கருத்து என்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:
நல்ல மனிதர்கள். பயந்திருக்கிறார்கள்.
பயந்தவர்கள் மெதுவாகப் பேசுவார்கள்.
அதை மரியாதை என்றே
முதல் இரண்டு வருஷம் நினைத்திருந்தேன்.

மலையிறங்கிக் கரடி வந்தால்
ஊர் ஒலிபெருக்கி எச்சரிக்கும்.
தேர்தல் வந்தால் வேனில் கட்டிய ஒலிபெருக்கி
எங்களைப் பற்றி எச்சரிக்கும்.
கரடிக்கு ஜப்பானிய மொழி புரியாது,
கொடுத்துவைத்தது.

வேன் சொன்னது:
வெளிநாட்டாருக்குக் குப்பை பிரிக்கத் தெரியாது.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன்.
காந்தம் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு
இந்த மேட்டின் மேல் ஏழு வயதில் ஓடியவன் நான்.
செம்பா பித்தளையா என்று
இருட்டில் கடித்துப் பார்த்துச் சொல்வேன்.

ஒத்துக்கொள்கிறேன், முதல் குளிர்காலத்தில் ஒரு பேட்டரி.
எரிகிற குப்பையில் தவறிப் போட்டது.
மாலையில் அந்தப் பை என் கதவுக்கு முன்னால் இருந்தது,
என் கையால் எழுதிய எபிநேசர் என்ற பெயரோடு,
நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரோடு.
கொண்டுவந்தவர் ஹத்தோரி, குடியிருப்போர் சங்கத் தலைவர்.
குனிந்தார். நான் குனிந்தேன்.
அவர் இன்னும் குனிந்தார்.
அப்புறம் ஐந்து வருஷம் ஒரு தப்பு கிடையாது.

போன மார்ச்சில், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறேன்,
வண்டி எடுக்காமல் விட்ட ஒற்றைப் பை.
முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது,
ஊரில் அப்படிக் காது வைத்து முடிபவர் ஒருவர்தான்.
உள்ளே கண்ணாடி, மருந்து அட்டை, வாழைப்பழத் தோல்,
ஒரு செருப்பு.
மனைவி போன பிறகு
அவருக்கு நாட்கள் கலங்கிவிட்டிருந்தன.

என் சமையலறைத் தரையில் கொட்டிப் பிரித்தேன்.
மூன்று பையாக்கி
அவர் பெயரை அவர் எழுத்திலேயே எழுதி
விடிவதற்குள் வைத்துவிட்டு வந்தேன்.
செருப்பை மட்டும் அவர் வாசலில்.
அவரிடம் சொல்லவில்லை.
இவர்களிடமும் சொல்லவில்லை,
"சுத்தமான ஊரு" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டிக்கர் மட்டும் பர்ஸில் இருந்தது.

வெளியே ஸ்பீடு பிரேக்கரில் கார்ப்பரேஷன் லாரி முனகி ஏறியது,
தார்பாய் இல்லாமல், சாறு சொட்டச் சொட்ட,
எங்கெங்கோ உண்டவர்களின் மிச்சத்தோடு.
துண்டோடு எழுந்து ஓடினேன்.
பசை காய்ந்திருந்தது. கன்னத்து நுரையைத் தடவி
பின்கதவில் அறைந்தேன்.
ஒட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனது.

"இன்னாடா எழுதிருந்துச்சு அதுல?"
"பையில் பெயர் இல்லைன்னு."

பாண்டுரங்கன் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.
"உக்காரு" என்றான் டில்லிபாபு,
"காஞ்சிபோச்சு பாரு மூஞ்சி."